ஜமால் பாய் அளந்த சத்தம்

ஜமால் பாய் இறந்த செய்தி எனக்கு மாலை நாலு மணி நாலு நிமிடத்துக்கு வந்தது. போனை எடுத்ததும் அவருடைய மச்சான் காதர், "ரிக்கார்டிங் முடிஞ்சிருச்சா டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்டார். முடிந்தது என்றேன்.

"அப்பச் சரி. மச்சான் மவுத்தாயிட்டாரு டீச்சர். மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்து கடையில உக்காந்தவரு, அப்படியே போயிட்டாரு. டாக்டரு பாத்துச் சொல்லும்போது ரெண்டு மணி ஆயிருச்சு. ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் ஒங்களுக்கு யாரும் போன் போடக் கூடாதுன்னு அவருதான சொல்லி வச்சிருந்தாரு? அதான் பொறுத்திருந்தேன்."

அழுகை வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. தான் செத்துப்போன செய்திக்குக்கூட ஒரு மனிதர் இப்படி நேரம் ஒதுக்கிவைத்துவிட்டுப் போவாரா? அந்த இரண்டு மணி நேரமும் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஒரு நாவலில் வரும் கல்யாண வீட்டை உற்சாகமாக வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே, என் கம்ப்யூட்டருக்குள் அவர் மாட்டிக் கொடுத்த கூலர் ஓடிக்கொண்டிருந்தது.

காளவாசல் சிக்னலுக்குப் பக்கத்தில், பரோட்டாக் கடைக்கும் லாரிகளுக்கு ஹாரன் மாட்டும் கடைக்கும் நடுவில் இருந்தது அவருடைய கம்ப்யூட்டர் கடை. அங்கே போய் வந்தவர்களுக்கு அவர் குரல் மறந்திருக்காது. ஒருபக்கம் கொத்துப் பரோட்டா, மறுபக்கம் ஹாரன். இருபத்தைந்து வருடம் இரண்டுக்கும் நடுவில் பேசிப் பழகியதால், "டீ குடிக்கிறீங்களா?" என்று அவர் கேட்டால்கூட, என்ன தப்புச் செய்தோம் என்று நமக்குப் பதறும். மதுரையில் இவ்வளவு சத்தமாகப் பேசும் இன்னொருவரை நான் பார்த்ததில்லை. சத்தமே போடாத கம்ப்யூட்டர் வேண்டும் என்று நான் போய் நின்றதும் அவரிடம்தான்.

நான் இருபது வருடம் தமிழ் டீச்சராக இருந்தவள். வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை ஒரு கோடை விடுமுறையில் மூடிவிட்டார்கள். அதன்பிறகு சென்னையில் ஒலிப்புத்தகம் போடுகிற ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னது. இரண்டு முறை மாதிரி அனுப்பினேன். இரண்டு முறையும் 'குரல் நன்று, பின்னணியில் காற்றாடிச் சத்தம்' என்று திரும்பி வந்தது. மூன்றாவது மாதிரி திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அதுவும் சரியில்லை என்றால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். எனக்கு அப்போது வேறு வேலை எதுவும் இல்லை. பயந்துபோயிருந்தேன் என்று சொல்வதற்கு இப்போது வெட்கமில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை ஜமால் பாய்தான் விளக்கினார். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் வேலை செய்யும்போது சூடாகும். அதன் தலையில் தகடு தகடாக ஒரு உலோகக் கட்டும், அதோடு ஒரு சின்ன ஃபேனும் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பெயர்தான் கூலர். "பேருதான் கூலரு. அது எதையும் குளிர வைக்காது. சூட்டை இங்கேயிருந்து தூக்கி அங்கே போடும், அம்புட்டுத்தான். போடுற எடமே வெந்துக்கிட்டு இருந்தா அது பாவம் என்ன செய்யும்?" என்றார். அடுத்து என் பதிவு நேரத்தைக் கேட்டார். எங்கள் தெருவில் பகல் இரண்டிலிருந்து நாலு வரை மட்டும்தான் ஒரு வண்டிகூட நகராது, ஏனென்றால் வெயிலில் வெளியே தலைகாட்ட முடியாது. நான் ஜன்னலைச் சாத்தி, மேலே ஓடும் ஃபேனையும் நிறுத்திவிட்டு வாசிப்பது அந்த நேரத்தில்தான்.

"ஊரு அமைதியா இருக்குற நேரத்துலதான் ரூமு கொதிக்குது. ரூமு கொதிச்சா கூலரு கத்துது. நல்லா மாட்டிக்கிட்டீங்க டீச்சர்," என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்த சத்தத்தில் ஹாரன் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கூலர் அட்டைப்பெட்டிகளில் சத்தத்தின் அளவை ஒரு எண்ணாகப் போட்டிருப்பார்கள். அந்த எண்களை அவர் மதித்ததே இல்லை. "அவன் குளிரான ஊர்ல உக்காந்து அளந்தது. அது அவன் காது," என்பார். அவரிடம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. அதில் தனக்கென்று ஒரு அளவு எழுதி வைத்திருந்தார். ஐந்தாம் நம்பர், காளவாசல். நாலாம் நம்பர், பக்கத்து வீட்டில் ஓடும் தையல் மெஷின். மூன்றாம் நம்பர், அடுப்படியில் ரவை சலிக்கும் சத்தம். இரண்டாம் நம்பர், தொழுகை தொடங்குவதற்கு முந்திய பள்ளிவாசல். ஒன்றாம் நம்பர், மெஹர் கோவித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் வீடு. மெஹருன்னிசா அக்கா அவருடைய மனைவி. அந்த நோட்டு அக்கா கையில் கிடைத்த அன்று வீடு ஒன்றாம் நம்பராக ஆகி, நாலு நாள் அப்படியே இருந்தது என்று பாய் என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்காக மூன்று கூலர்கள் வந்தன. என் கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டியான கேபினட் சின்னது. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் செருகி வைத்திருப்பேன். முதல் கூலர் ரொம்ப உயரம். மாட்டினால் கேபினட்டின் கதவு சாத்தவில்லை. "கதவைத் தொறந்து போட்டு ஓட்டுனா வேற யாருக்கும் தெரியாது டீச்சர், ஆனா எனக்குத் தெரியுமே," என்று கழற்றிவிட்டார். இரண்டாவது, தோசைக்கல் மாதிரி தட்டையானது. இடம் அடைக்கவில்லை. ஆனால் ஃபேன் சிறியதானதால், சூட்டைச் சமாளிக்க வேகமாகச் சுற்றிக் கீச்சென்று கத்தியது. தையல் மெஷின் என்று நோட்டில் எழுதினார். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில், குள்ளமாக, அகலமான ஃபேனோடு இருந்தது. கதவு சாத்தியது. கடையில் ஓடவிட்டு, காதைக் கேபினட்டோடு ஒட்டிக் கேட்டார். அவர் காதில் விழுந்தது ஹாரன் மட்டும்தான்.

"இங்க வச்சு இதை அளக்க முடியாது," என்றார். அப்போதுதான் அந்த யோசனை அவருக்கு வந்தது. பழைய ஊருக்குள் காதருக்கு மெத்தைக் கடையும், அதன் பின்னால் ஒரு கிடங்கும் இருந்தன. கிடங்கில் கூரைவரை இலவம்பஞ்சு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நாம் கூப்பிடுவது நமக்கே கேட்காது. உலகத்தில் கூலர் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இப்படி ஒரு அறையைக் கோடி கோடியாகச் செலவழித்துக் கட்டுகிறார்களாம், நமக்கு மச்சான் சும்மா கொடுக்கிறான் என்றார் பாய். சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டரையும் என் ஒலிப்பதிவுக் கருவியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். நோன்பு மாதம். விடிவதற்கு முன்னால் சாப்பிட்டதோடு சரி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நானும் காதரும் வெளியே, கடையில் உட்கார்ந்திருந்தோம்.

கதவைச் சாத்திக்கொண்டவர் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு வெற்றி. "ஒன்னாம் நம்பரு டீச்சர்! இருபத்தஞ்சு வருசத்துல முதல் தடவையா ஒன்னாம் நம்பரு! ஓடுதா இல்லையான்னே தெரியல!"

காதர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், அது ஓடல," என்றார்.

கேபினட்டைத் திறந்தோம். கூலருக்கு ஒரு சாண் தாடி. அகலமான அந்த ஃபேன் கிடங்கில் பறந்த பஞ்சையெல்லாம் விசுவாசமாக இழுத்துத் தகடுகளுக்குள் திணித்து வைத்திருந்தது. காற்றுப் போக வழியில்லாமல் பிராசசர் சூடேறி, கம்ப்யூட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது. பாய் அளந்தது, நின்றுபோன ஒரு கம்ப்யூட்டரின் அமைதியை. அது நின்றது அவருக்கு ஏன் தெரியவில்லை என்பது ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டபோது விளங்கியது. முதலில் அவர் குரல்: "மூணாவது கூலரு. சனிக்கிழமை. எல்லாரும் வாயை மூடுங்க." உள்ளே அவரைத் தவிர ஒருவரும் இல்லை. ஐந்து நிமிடம் மெல்லிய காற்று. பிறகு அதுவும் அடங்கியது. அதற்குப் பிறகு கோப்பின் கடைசிவரை குறட்டை. பேச்சில் இருக்கும் குரல்வளம் குறட்டையிலும் குறையவில்லை. காதர் ஒரு மெத்தையில் சரிந்து விழுந்து சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. திங்கட்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு பாயும் சிரிப்பை நிறுத்தினார். "நாளைக்கு ரெண்டு மணிக்கு ஒங்க வீட்டுக்கே வாரேன். நீங்க வாசிக்கிற ரூமுலயே அளப்போம். முதல்லயே அப்படித்தான் செஞ்சிருக்கணும், நான் ஒரு மடையன்," என்றார். அன்று சாயங்காலம் மெஹர் அக்காவின் சீப்பை எடுத்து அந்தக் கூலருக்குத் தாடி வாரியிருக்கிறார். சீப்பில் ஆறு பல் போய்விட்டதாக அக்கா பின்னால் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தார். ஜன்னல் சாத்தி, ஃபேனை நிறுத்தியதும் அறை அடுப்படி ஆகிவிட்டது. கூலர் மெதுவாகத்தான் ஓடியது. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வேகம் ஏறும், பிறகு இறங்கும். கண்ணை மூடி அதைக் கொஞ்ச நேரம் கேட்டார். "சத்தம் தொந்தரவு இல்ல டீச்சர். சத்தம் ஏறி எறங்குறதுதான் தொந்தரவு. ஒரே மாதிரி இருந்தா காது மறந்துரும்," என்று சொல்லி, எவ்வளவு சூடானாலும் ஒரே வேகத்தில் ஓடும்படி செட்டிங்கை மாற்றினார். "வாசிக்கிறதுக்கெல்லாம் பிராசசரு பெருசா சூடாகாது. இந்தக் குள்ளன் அதை இதே வேகத்துல பாத்துக்குவான்." ஓடும் காற்றின் ஒலி அறையோடு கலந்து, சற்று நேரத்தில் எனக்குக் கேட்காமலே போயிற்று.

நான் வாசிக்கத் தொடங்கினேன். அவர் கேபினட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சூட்டைக் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வியர்வை. நோன்பாளியைப் போய் இந்த வெக்கையில் உட்கார வைத்திருக்கிறோமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. முதல் பக்கம் முடிந்தபோது ஒரு சத்தம் வந்தது. கூலர் இல்லை, பாயின் வயிறு. திரும்ப வாசித்தேன். திரும்பவும் வயிறு. அவர் இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நோட்டில் எழுதிக் காட்டினார்: 'கூலர் 2. நான் 4. மன்னிக்கவும்.' வாய் திறந்து சிரிக்கவும் முடியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெளியே போய் உட்காருங்கள் பாய் என்று நானும் எழுதிக் காட்டினேன். சூடு ஏறினால் யார் பார்ப்பது என்று பதில் எழுதிவிட்டு, இடத்தை விட்டு அசையவில்லை. நாலாவது முறைதான் முழு அத்தியாயமும் முடிந்தது.

புதன்கிழமை பதில் வந்தது. பின்னணி சுத்தமாக இருக்கிறது, நீங்களே தொடருங்கள் என்று எழுதியிருந்தார்கள். கீழே இன்னொரு வரி: 'ஏழாம் பக்கத்தில் தூரத்தில் இடிச்சத்தம் கேட்கிறது. கதையிலும் மழை வருவதால் அப்படியே விட்டுவிட்டோம்.' போனில் இதைப் படித்துக் காட்டினேன். மறுமுனையில் ஹாரன் கடையையே அடக்கும் சிரிப்பு. அதன்பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், தான் ஒரு புத்தகத்தில் நடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டார். அன்றே தன் வீட்டிலும் கடையிலும், இரண்டிலிருந்து நாலு வரை டீச்சருக்கு யாரும் போன் செய்யக் கூடாது என்ற சட்டத்தையும் போட்டார்.

அந்தக் கூலரோடு நான் இதுவரை பதினொரு புத்தகம் வாசித்திருக்கிறேன். இந்த வீட்டின் அரிசியும் பருப்பும் அதிலிருந்து வந்தவைதான். இதை அவரிடம் ஒருமுறையாவது நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவர் வேறு எதையாவது சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்.

போன வாரம் மெஹர் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம், வெளியே வருவதில்லை. நீல நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஒன்னாம் நம்பருன்னு என்னைய எழுதி வச்சிருந்தாகள்ல? அது ஒன்னாம் நம்பரே இல்ல டீச்சர். இப்ப இருக்குது பாருங்க வீடு, இதுதான்," என்றார். தெருவில் ஒரு பைக் போனது. அது போன பிறகு வீடு மறுபடியும் அப்படியே ஆயிற்று.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை மூன்று. ஒரே வேகத்தில் ஓடும் ஒரு குள்ளக் கூலர், இந்த நோட்டு, பிறகு கிடங்கில் பதிவான அந்தக் கோப்பு. அதை அழிக்காமல் வைத்திருந்ததற்குக் காரணம், அவரைக் கேலி செய்ய என்றாவது உதவும் என்பதுதான். தயங்கித் தயங்கி அதைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். போடச் சொன்னார். போனை மேஜையில் வைத்து, நடுப்பகுதிக்குத் தள்ளி, துக்க வீடாயிற்றே என்று ஒலியை நன்றாகக் குறைத்துவைத்துப் போட்டேன்.

குறட்டை கேட்கத் தொடங்கியது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"இம்புட்டு மெதுவாவா இருக்கும்?" என்றார். "கூட்டி வைங்க டீச்சர்."