பாத்திரக்கடைத் தாம்பாளமும் பவர் ஸ்டியரிங் பம்ப்பும்

கார் ஓட்டச் சொல்லித் தருகிறவரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு, ஒரு கிளட்ச் உண்டு. கைக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. மாணவி எதன் மேலாவது மோதப் போகிறார் என்றால் காலை வைத்து நிறுத்திவிடலாம். எந்தப் பக்கம் திருப்பப் போகிறார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். திருவண்ணாமலையில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருவதுதான் என் தொழில். என் தலையில் நரைத்த முடியெல்லாம் ஸ்டியரிங்கால் நரைத்தவை.

பழைய கார் வைத்திருப்பவர்களே, கட்டிய மனைவிக்கோ கணவருக்கோ கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதன் பிறகும் அவரோடு பேசிக்கொண்டிருக்கும் புண்ணியவான்களே, நம் கஷ்டம் நமக்குத்தானே தெரியும்? கேளுங்கள்.

வண்டி அழுதது

என்னுடைய பயிற்சிக் கார் ஒரு பழைய டீசல் வண்டி. நிறையப் பேரிடம் அடிபட்டும் கோபித்துக்கொள்ளாத ஜென்மம். அது ஒரு நாள் செங்கம் ரோட்டில் திரும்பும்போது, கிரைண்டரில் கல் சிக்கியது மாதிரி ஒரு சத்தம் போட்டது. ஓட்டிக்கொண்டிருந்தது சுதா. கலெக்டர் ஆபீசில் வேலை, எதற்கெடுத்தாலும் தன் மேல்தான் தப்பு என்று நினைக்கும் பெண். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி பானெட்டைத் திறந்தேன். எண்ணெய் டப்பாவில் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை. அடியில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு எண்ணெய்.

பவர் ஸ்டியரிங் பம்ப் என்பது இன்ஜினுக்குப் பக்கத்தில் பெல்ட்டில் சுற்றும் சின்னச் சாமான். எண்ணெயை அழுத்தி அனுப்பி, நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தை அதுவும் சேர்ந்து தள்ளும். என் வண்டியில் அதற்கென்றே தனியாக ஒரு பெல்ட். அந்தப் பம்ப்தான் சாகக் கிடக்கிறது என்று சுதாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"இல்ல மேடம், காலைல வேற யாரோ ஓட்டினப்ப சத்தமே வரலயாம். நான் தொட்டாத்தான் அழுவுது. அதுக்கு என்னைப் புடிக்கல."

கை வலிக்காத ஒருவர்

அடுத்து வந்த வாரங்களில் ஸ்டியரிங் நாளுக்கு நாள் கனத்தது. பம்ப் கிடைக்கவில்லை; என் வண்டியின் வயசுக்கு அதன் சாமான்கள் கடையில் இருப்பதே அபூர்வம். வகுப்பு முடிந்து இறங்குகிற பெண்கள் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்கள். ஒருவர் மறுநாள் தைலம் வாசனையோடு வந்தார். இன்னொருவர் வரவேயில்லை.

முனகாதவர் ஒரே ஒருவர்தான். கீழ்பென்னாத்தூர் கஸ்தூரி அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவரும் வீட்டுக்காரரும் கல்யாணங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறவர்கள். பாத்திரமும் காய்கறியும் ஏற்றிப் போக சொந்தமாக ஒரு சின்ன வேன் உண்டு. வீட்டுக்காரருக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூலிக்கு வரும் டிரைவர் முகூர்த்த நாளாகப் பார்த்து போனை எடுக்க மாட்டார். ஒரு தடவை சாம்பார் மண்டபத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பாதிப் பந்தி முடிந்துவிட்டதாம். அதற்கப்புறம் வேனைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, நானே ஓட்டுகிறேன் என்று கிளம்பி வந்தவர் இவர்.

ஆனால் லைசென்ஸ் டெஸ்ட்டில் ஏற்கனவே இரண்டு முறை தோற்றிருந்தார். முதல் முறை வண்டி நடுவில் நின்றுபோனது, அடுத்த முறை ரிவர்ஸில் கம்பத்தைச் சாய்த்துவிட்டார். ஓட்டிப் பழகத் தரும் எல்.எல்.ஆரும் அந்த மாதத்தோடு முடிகிறது. இந்த முறையும் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் முகூர்த்த மாதம் வந்துவிடும், ஒத்துக்கொண்ட கல்யாணங்கள் கைவிட்டுப் போகும். எனக்கு அவரை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை. இந்தக் கல் ஸ்டியரிங்கோடு எட்டு போடச் சொன்னால் என்ன ஆவார்? ஸ்டியரிங் கனமாக இருக்கிறதே, சிரமமாக இல்லையா அக்கா என்று கேட்டேன். அண்டா கிளறிக் கிளறி உரமேறிய கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"வண்டின்னா கனமாத்தான இருக்கும் மேடம்? லேசா இருந்தா எப்படி நம்பி ஏறுறது?"

மெக்கானிக் சொன்ன சமையல் குறிப்பு

பம்ப் ஒருவழியாகச் சென்னையிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்து சேர்ந்தது. புதன்கிழமை டெஸ்ட், வியாழக்கிழமை பௌர்ணமி. பௌர்ணமிக்கு முன்னால் நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? வாடகை வண்டி வைத்திருக்கும் அத்தனை பேரும் அங்கேதான் இருப்பார்கள். கிரிவலத்துக்கு வருகிற கூட்டத்தை நம்பி ஓடும் வண்டிகள் வாசல் தாண்டி ரோடு வரைக்கும் நிற்கும். எங்கள் மெக்கானிக் பாஷா பாய்க்கு போன் போட்டேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கையே வைக்க முடியாது என்றார். நான் போனை வைக்கவில்லை. போனை வைக்காமல் இருப்பதில் ஒரு பலம் உண்டு. அவரே இறங்கி வந்தார்.

"பர்வீனம்மா, குக்கருக்கு கேஸ்கெட் மாத்துவீங்க இல்ல? இதுல போல்ட்டு கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான். வீட்லயே மாத்திருங்க, டவுட் வந்தா போன் பண்ணுங்க."

பத்திரமான இடம்

செவ்வாய்க்கிழமை காலை வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் வேலை தொடங்கியது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். உதவிக்கு என் வீட்டுக்காரர் யூசுப். டவுனில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். கார் விஷயத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஹாரன் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான். ஆனாலும் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, எண்ணெய் பிடிக்க ஒரு புதுத் தாம்பாளத்தோடு வந்து நின்றார். அது சீர்வரிசைக்கு வைக்கிற தாம்பாளம். பழைய டப்பா ஏதாவது கொண்டு வரக் கூடாதா என்றால், கடையில் பழையது ஏது என்றார்.

எதிர்வீட்டு சபாபதி சார் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து நிழல் பார்த்து உட்கார்ந்தார். பெல்ட்டைக் கழற்றினேன். குழாயைப் பிரித்ததும் சிவப்பு எண்ணெய் தாம்பாளம் நிறைய வந்தது. ஆரத்தி எடுக்கத்தான் ஆளில்லை. பழைய பம்ப்பில் பெல்ட் ஓடும் சக்கரத்தைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும்; அது வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. சுத்தியலால் ஒரு போடு போடச் சொன்னார் சபாபதி சார். நான் பாஷா பாயிடம் புல்லர் வாங்கி வந்து வைத்து இழுத்ததும் அது குழந்தை மாதிரி வந்துவிட்டது. சார் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

எல்லாம் மாட்டி, எண்ணெய் ஊற்றி நிமிர்ந்தால் புதுக் குழாய் மூட்டில் கசிவு. இறுக்கினேன், கசிந்தது. மறுபடி இறுக்கினேன், அப்போதும் கசிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயந்தரம் கஸ்தூரி அக்கா கடைசி வகுப்புக்கு வருவார், நாளைக்குக் காலை டெஸ்ட். பாஷா பாய்க்கு போன் போட்டால், செம்பு வாஷர் புதுசு போட்டீங்களா என்று ஒரே கேள்வி. பார்சலில் இரண்டு வாஷர் இருந்ததே! நான் பழையதையே போட்டு முடுக்கியிருக்கிறேன். புதுசு எங்கே? காருக்கு அடியில் தேடினோம், தாம்பாளத்து எண்ணெயில் கைவிட்டுத் துழாவினோம், சபாபதி சாரை எழுப்பி நாற்காலிக்குக் கீழேயும் பார்த்தோம். யூசுப் நெற்றி வேர்வையைத் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கூடவே வாஷர் பொட்டலம் வந்து விழுந்தது. நான் பார்த்த பார்வைக்கு அவர் சொன்ன பதில்:

"காணாம போயிடக் கூடாதுன்னுதான் பாக்கெட்ல வெச்சேன். இப்ப காணாம போச்சா? போகலை இல்ல?"

நின்ற இடத்தில் சுற்றியது

வாஷர் போட்டதும் கசிவு நின்றது. அடுத்தது காற்றை வெளியேற்றும் வேலை. முன் சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும்போதே ஸ்டியரிங்கை இந்தக் கடைசி வரைக்கும் அந்தக் கடைசி வரைக்கும் திருப்பிக்கொண்டே இருந்தால், எண்ணெய்க்குள் மாட்டிய காற்று குமிழியாக மேலே வரும். அந்த நேரம் பார்த்து பஸ் இறங்கி நடந்து வந்த கஸ்தூரி அக்கா, ஏன் எதற்கென்று கேட்காமல் சீட்டில் ஏறி உட்கார்ந்து திருப்பத் தொடங்கினார். நான் எண்ணெய் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். குமிழி குறைந்தது, பின்பு நின்றது. இன்ஜினைப் போட்டோம். கல் அரைக்கும் சத்தம் இல்லை. மறுபடி திருப்பச் சொன்னேன், அப்போதும் இல்லை. எனக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. வண்டி சத்தம் போடாமல் இருப்பது இவ்வளவு இனிமையானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வலதும் இடதுமாக ஆடும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்த சபாபதி சார் வாய் திறந்தார்:

"ஊரே மலையச் சுத்தப் போவுது, உங்க வண்டி மட்டும் நின்ன எடத்துலயே சுத்துது. அதுவும் போன வழியே திரும்பி வருது."

யாருடைய வண்டி?

ஜாக்கியை இறக்கி, கடைசி வகுப்புக்குக் கிளம்பினோம். முதல் திருப்பத்தில் கஸ்தூரி அக்கா பழக்க தோஷத்தில் முழு பலத்தோடு ஸ்டியரிங்கைத் திருப்பினார். புதுப் பம்ப் அவர் சொன்னதற்கு மேலேயே கேட்டது. வண்டி வெடுக்கென்று சாய்ந்து, வீடு கட்டக் கொட்டி வைத்த மணல் குவியலில் மூக்கை நுழைத்தது. அந்த ஒரு தடவை நான் பிரேக்கை மிதிக்கத் தாமதமாகிவிட்டது. இரண்டாவது திருப்பத்தில் எதிர்ப்பக்கச் சாக்கடை வரைக்கும் போய் வந்தோம். மெதுவாக, ஒரு விரலால் திருப்புங்கள் என்றால் அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. எத்தனை சுற்று போனாலும் அதே கதை. அவருடைய டெஸ்ட்டுக்காகத்தான் காலையிலிருந்து எண்ணெயில் குளித்தேன். இப்போது அந்த வேலையே அவரைத் தோற்கடிக்கப் போகிறது.

அக்கா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"இது யாரோட வண்டி மேடம்? எங்க வீட்டு வேன் கனம், நம்ம வண்டியும் கனம். எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் இருந்துச்சு. நம்ம வண்டிய எங்க விட்டீங்க?"

பெல்ட்

வேனைப் பற்றி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்போதுதான் கேட்டேன். அதில் பவர் ஸ்டியரிங்கே கிடையாது. ஆக, என் வண்டி கெட்டுப் போனதால்தான் அக்காவுக்குச் சரியான வகுப்பு கிடைத்திருக்கிறது. பாஷா பாய்க்கு மறுபடி போன் போட்டு, நாளை ஒரு நாளைக்குப் பழைய கனத்தைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பம்ப் பெல்ட்டைக் கழற்றினால் கனமாகத்தான் இருக்கும், மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்றார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் பாடுபட்டு ஓட விட்ட பம்ப், பெல்ட்டை உருவியதும் சாதுவாக நின்றுவிட்டது. கஸ்தூரி அக்கா ஏறி உட்கார்ந்து ஒரு திருப்பு திருப்பிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்தது. இருட்டுவதற்குள் மூன்று தெருவைச் சுற்றி, மணல் குவியலுக்குப் பக்கத்தில் ரிவர்ஸ் எடுத்து, ஒரு கல்லைக்கூடத் தொடாமல் நிறுத்தினார்.

தாம்பாளத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த யூசுப், நான் கையில் பெல்ட்டோடு வருவதைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். நகக்கண்ணில் இருந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நாளைக்கு யாராவது டயர் வேணாம்னு சொன்னா, என்னைக் கூப்பிடாத."

மைதானத்தில்

டெஸ்ட்டின்போது சொல்லித் தருபவர் வண்டியில் இருக்க முடியாது. என் பெடல்கள் இருக்கும் சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்துவிட்டார். நான் மற்ற பயிற்சிப் பள்ளிக்காரர்களோடு வேலியோரம் நின்றேன். கஸ்தூரி அக்கா கிளம்பியதிலிருந்து என் வலது கால் மண்ணை அழுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற முருகன், அவரும் எங்கள் தொழில்தான், பார்த்துவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொன்னார். எடுத்தால் மறுபடி அழுத்தியது.

எட்டு வந்தது. வலது வளையம் ஒழுங்காக முடிந்தது. இடது வளையத்தில் தோள் இரண்டும் எழும்பி இறங்க, பெரிய கரண்டியால் கேசரி கிளறுகிற மாதிரி ஸ்டியரிங்கைச் சுற்றினார். வண்டி கோட்டை விட்டு விலகவில்லை. கடைசியில் ரிவர்ஸ். கம்பம் நின்ற இடத்திலேயே நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து, வண்டியில் பவர் ஸ்டியரிங் இல்லையா என்று கேட்டார். இன்றைக்கு இல்லை சார் என்றேன். மேலே ஒன்றும் கேட்காமல், பாஸ் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். நான் அங்கேயே ஒரு கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. நிம்மதியில் வருகிற தண்ணீரை மறைப்பானேன்?

கஸ்தூரி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வீட்டுக்காரருக்கு போன் போட்டார். பாஸா என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்பது எனக்கே கேட்டது. அக்கா சொன்னார்:

"வண்டி மேல இருக்கிற தார்ப்பாய எடுத்துருங்க. லைசென்ஸ் கைக்கு வந்ததும் நான்தான் ஓட்டுவேன். நீங்க பக்கத்துல உக்காந்துக்கங்க, ஸ்டியரிங்ல மட்டும் கைய வெக்காதீங்க."

அன்று மத்தியானமே பெல்ட்டை மாட்டிவிட்டேன். இப்போது என் ஸ்டியரிங் ஒரே விரலில் திரும்புகிறது, எந்தப் பக்கம் என்பது மட்டும் இன்னமும் மாணவிக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரிகிறது.