முடிந்துபோயிருந்த இத்தா

என் கணவர் இறந்த செய்தி எனக்குத் தெரியவந்தபோது, அவருக்காக நான் இருந்திருக்க வேண்டிய இத்தா முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல், அலங்காரம் இல்லாமல், வீட்டுக்குள் இருப்பதுதான் இத்தா. அறுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது.

அவர் மலேசியாவில், ஈப்போவில் ஒரு கடையில் வேலை பார்த்தார். காய்ச்சலில் போய்விட்டார். கடைக்காரர் உடனே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் பெட்டியில் கிடைத்த முகவரி, கடலூர் முதுநகரில் அவர் குடும்பத்தார் எப்போதோ விற்றுவிட்ட வீட்டினுடையது. அங்கே குடியிருந்தவர்கள், யாராவது தேடி வருவார்கள் என்று கடிதத்தை மாடத்தில் செருகி வைத்துவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து அந்தப் பக்கம் போன உறவுக்காரர் ஒருவர் கையில்தான் அது கிடைத்தது. கடிதம் எழுதுவதில் என் மச்சான், கணவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், மகா சோம்பேறி. ஐந்து மாதம் எழுதாமல் இருப்பது அவருக்குப் புதிதல்ல. அதனால் பரங்கிப்பேட்டையில் நாங்கள் யாரும் கவலைப்படவில்லை. நான் திட்டிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

லால்பேட்டையிலிருந்து வந்த, மார்க்கம் படித்த ஹஜ்ரத்திடம் கேட்டோம். இத்தாவை அவர் மௌத்தான நாளிலிருந்துதான், இறந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், தெரிந்த நாளிலிருந்து அல்ல என்றார். நல்ல மனிதர், மென்மையாகத்தான் சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் ஒரு பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. எனக்கு ஒன்றுமே இல்லை. அழுகைகூட வரவில்லை.

நான் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் காக்கா படகு பிடித்தார். காக்கா என்றால் என் மூத்த அண்ணன். அவர் வைத்தியம் எல்லாம் இப்படித்தான், மனசு சரியில்லையென்றால் எங்கேயாவது கூட்டிப்போய்ச் சோறு போடுவார். வெள்ளாற்றில் கடல் ஓதம் ஏறும்போது புவனகிரி வரை போவது, வடியும்போது திரும்புவது என்று ஏற்பாடு. விறகு ஏற்றும் படகைக் கழுவி, கூரை போட்டு, பாய் விரித்திருந்தார். காக்கா, அவர் மனைவியான மச்சி, நான், கழி ஊன்றும் படகுக்காரர், அவ்வளவுதான். தூக்குச்சட்டி நிறையத் தேங்காய்ச் சோறும் அவித்த முட்டையும்.

“அந்தா பாரு, வெள்ளைக்காரன் கல்லறை,” என்றார் காக்கா. பார்த்தேன். “இங்கதான் இரும்பு உருக்குற ஆலை இருந்துச்சு. அந்தக் காலத்துல சீமை வரைக்கும் போயிருக்கு நம்ம ஊரு இரும்பு.” அதையும் பார்த்தேன். பார்த்தேன் என்பதோடு சரி. ரயில் பாலத்துக்கு அடியில் போகும்போது மேலே வண்டி போனது. கரித்தூள் சோற்றில் விழுந்தது என்று மச்சி சத்தம் போட்டாள். நான் அந்தச் சோற்றையே தின்றேன். கரியும் தெரியவில்லை, தேங்காயும் தெரியவில்லை. இடது பக்கம் தூரத்தில் சிதம்பரம் கோபுரங்கள் தெரிந்தன. காக்கா ஒவ்வொன்றாகக் கைகாட்டினார். கிளிப்பிள்ளை மாதிரி நானும் “ஆமா, ஆமா” என்றேன்.

மனசுக்குள் நான் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நூற்று முப்பது நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அவர் இறந்துபோன அதே வாரம் மாமா மகள் கல்யாணம். முழங்கை வரை மருதாணி வைத்துக்கொண்டேன். பெருநாளுக்குப் பச்சை ஜார்ஜெட் புடவைதான் வேண்டும் என்று உம்மாவிடம் சண்டை போட்டு வாங்கினேன். தலை நிறையப் பூ. என் இத்தாவை நான் சிரித்தே கழித்திருக்கிறேன். இது எனக்கு அசிங்கமாக இருந்தது. வருத்தம்கூட இல்லை, அசிங்கம்.

புவனகிரியில் படகைத் திருப்பினார்கள். அதற்காகவே காத்திருந்தவர் போல, காக்கா கரையைப் பார்த்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

“காட்டுமன்னார்கோயில்ல ஒரு எடம் வந்திருக்கும்மா. ரைஸ் மில் வச்சிருக்காரு. மனைவி தவறிட்டாங்க, ரெண்டு புள்ளைங்க. இத்தாதான் முடிஞ்சிருச்சே. வெள்ளிக்கிழமை அவுங்க வீட்டுப் பொம்பளைங்க வந்து பாத்துட்டுப் போவட்டுமா?”

மச்சி தூக்குச்சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே துடைத்த சட்டிதான்.

“காக்கா, எனக்கு நாலு மாசம் பத்து நாள் வேணும்,” என்றேன்.

“அதான் முடிஞ்சுபோச்சேம்மா.”

“அவருக்கு முடிஞ்சிருச்சு. எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”

“மார்க்கத்துல அப்படி இல்லம்மா.”

“இல்லேன்னு தெரியும். இத்தான்னு சொல்ல வேணாம். ஒடம்பு சரியில்லேன்னு சொல்லுங்க. அந்த இத்தாவுல நான் எத்தனை நாளு தெரியாம இருந்தேனோ, அத்தனை நாளு தெரிஞ்சு இருக்கணும்.”

காக்கா கரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா என்று பார்த்தேன், முகம் தெரியவில்லை. திரும்பும் வழியில் கோபுரம் வந்தது, பாலம் வந்தது, ஆலை இருந்த இடம் வந்தது. எதையும் அவர் காட்டவில்லை. வாய் ஓயாத மனிதர் அப்படி இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை பச்சை ஜார்ஜெட்டைக் கட்டிக்கொண்டு உட்காரத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

பரங்கிப்பேட்டை துறையில் வெயில் சாய்ந்திருந்தது. வலை உலர்த்துகிறவர்களும் கூடைக்காரர்களுமாகப் பத்துப் பதினைந்து ஆண்கள் நின்றார்கள். காலையில் அதே துறையில், அதே ஆட்கள் நடுவில்தான் படகேறினேன். அப்போது யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

காக்கா முதலில் தண்ணீரில் குதித்தார். பிறகு நாங்கள் உட்கார்ந்திருந்த பாயை உருவினார். “ஒரு பக்கம் நீ புடி,” என்று மச்சியிடம் சொல்லி, மறு பக்கத்தை அவரே தோள் உயரத்துக்குத் திரை மாதிரி தூக்கிப் பிடித்தார். “கொஞ்சம் தள்ளிப் போங்கப்பா, அந்தப் பக்கம் திரும்பிக்குங்க,” என்று கரையில் நின்றவர்களிடம் சத்தமாகச் சொன்னார். அவர்கள் திரும்பிக்கொண்டார்கள். படகுக்காரரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தலையிலிருந்து போர்த்தியிருந்த துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு பாய்க்குப் பின்னால் நடந்தேன். எங்கள் வீடு அங்கிருந்து மூன்று தெரு. மூன்று தெருவும் காக்கா, ஈர வேட்டியோடு, அந்தப் பாயை இறக்கவே இல்லை. வாசல்படியில் நான் காலை வைத்ததும், பாய்க்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் கேட்டது.

“இன்னையிலேருந்து எண்ணிக்கம்மா.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.