ஏழு பள்ளிக்கூடங்களைச் சோதித்த சார்ஜண்ட்

பள்ளி வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடியேதான் அவர் தலைமையாசிரியையிடம் பேசிக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தவை பளபளக்கும் இரண்டு பூட்ஸ் மட்டும்.

"ஆயில் ஒழுகுதும்மா. பிரேக் பரவாயில்ல. சரி, கணக்குக்கு யாரு டீச்சர்?"

மகளைச் சேர்க்க விண்ணப்பம் வாங்க வந்தவர் அவர் என்பது தலைமையாசிரியைக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. என் பையனுக்காக அதே வரிசையில் நின்றிருந்த எனக்கும்தான். சார்ஜண்ட்டுக்கு ராணுவ வண்டிப் பணிமனையில் வேலை. எந்தப் பள்ளியையும் அவர் வண்டியைப் போலத்தான் சோதிப்பார். குழாயைத் திறந்து பார்ப்பார், பெஞ்சை ஆட்டிப் பார்ப்பார், கழிப்பறைத் தாழ்ப்பாளை மூன்று முறை போட்டு எடுப்பார். "வெளிய பெயின்ட் அடிச்சு நிறுத்தியிருப்பாங்க சார். ஏறி உக்காந்தாத்தானே தெரியும்!" மகளுக்கு அது ஏழாவது பள்ளி.

ராணுவம் அவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேறு ஊருக்குத் தூக்கிப் போடும், அதுவும் கல்வியாண்டின் நட்டநடுவில். எதிரி பரீட்சை அட்டவணையைப் பார்த்துத்தான் படையெடுப்பான் என்று மேலிடத்தில் யாரோ நம்புகிறார்கள் போலிருக்கிறது. நிலையாமையைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் எழுதியவர்களில் ஒருவர்கூட மாற்றுச் சான்றிதழுக்காக வரிசையில் நின்றதாகத் தெரியவில்லை. விண்ணப்பத்தில் 'நிரந்தர முகவரி' என்ற இடம் வந்ததும் சார்ஜண்ட் பேனாவை நிறுத்தி, உதட்டைப் பிதுக்கி, 'இப்போதைக்கு மேலே உள்ளதே' என்று எழுதினார்.

மகள் ஒளிச்சேர்க்கையை நான்கு பள்ளிகளில் நான்கு முறை படித்தவள். பின்னங்களை ஒரு பள்ளியிலும் படிக்கவில்லை. பழைய பள்ளியில் அடுத்த பருவத்துக்கு வைத்திருந்த பாடம், புதிய பள்ளியில் போன பருவமே முடிந்திருக்கும். "இலை எப்படிச் சாப்பிடுதுன்னு கேளுங்க, எம்பொண்ணு தூக்கத்துல சொல்லும். அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டச் சொன்னா அவங்கம்மா மூஞ்சியப் பாக்கும். அவங்கம்மா எம்மூஞ்சியப் பாக்கும்."

அவரைத் தியாகி என்று வர்ணிக்க எனக்கு விருப்பமில்லை. டீக்கடை வரிசையில் நடுவில் புகுவார். மனைவி பேசிக்கொண்டிருக்கும்போதே குறட்டை விடுவார். பெற்றோர் கூட்டத்தில் வரலாற்று ஆசிரியரை எழுப்பி நிறுத்தி, "நீங்க சொல்ற வருஷத்துல அந்த டேங்க்குக்கு அந்த இன்ஜினே கிடையாது சார்" என்றார். அந்த மனிதர் இன்றைக்கும் இவரைக் கண்டால் இறங்கிய படியில் திரும்பி ஏறிவிடுகிறார்.

அவர் மதிக்கும் ஒரே ஆள் கணக்கு டீச்சர். மகள் சேர்ந்த முதல் வாரமே அவளைத் தனியாக உட்காரவைத்து, மூன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கியவர் அந்த அம்மாள். பத்தாம் வகுப்பு அரையாண்டில் எழுபத்தொன்று வந்தது. "அது டீச்சரே இல்ல சார். ஒர்க்‌ஷாப்ல இருக்க வேண்டிய ஆளு. கோளாறு எங்கன்னு ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருச்சு."

அந்த வாரம்தான் உத்தரவு வந்தது. அதிகாரியாகப் பதவி உயர்வு. இருபத்தொரு வருடமாக அவர் காத்திருந்தது. ஆனால் போக வேண்டியது எல்லையோர முகாமுக்கு. அங்கே இருக்கும் ஒரே பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. வேண்டாம் என்றால் எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தால் இன்னும் இரண்டு ஆண்டு இங்கேயே இருக்கலாம், ஆனால் அந்தப் பதவி இனி எந்தக் காலத்திலும் கிடைக்காது.

நீங்கள் மட்டும் போகலாமே என்று கேட்டேன்.

"முன்னாடி ஒருக்கா போனேன். திரும்பி வந்து கதவைத் தட்டுறேன், எம்பையன், சின்னவன், திறந்துட்டு உள்ள பாத்துக் கத்துறான், 'அம்மா, யாரோ வந்திருக்காங்க!'ன்னு."

வீட்டில் மனைவி இன்னும் தெளிவாக இருந்தாராம். "ஏங்க, அதிகாரி பொண்டாட்டின்னு சொல்லிக்க எனக்கு மட்டும் ஆசையில்லையா? வேண்டாம்னா வேண்டாம். நாளைக்கு அதை நெனச்சு எம்மேல எரிஞ்சு விழமாட்டேன்னு மொதல்ல எனக்கு எழுதிக் குடுங்க."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா. மார்க் கொறஞ்சா நான் எங்க போய் ஒளிஞ்சுக்கறது?"

"உனக்காகன்னு யாருடி சொன்னா? மூட்டை கட்டிக் கட்டி எனக்கு இடுப்பு போச்சு."

படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் அவர் ஒரே சொல்லை எழுதினார்: பின்னம்.

கமாண்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாராம். "என்னய்யா இது?"

"கணக்குல வருமே சார், மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல கோடு."

"அது தெரியுதுய்யா. இதுக்காகவா பதவிய விடுற?"

"எம்பொண்ணு இப்பதான் சார் கத்துக்கிட்டா. இன்னும் ரெண்டு வருஷம் ஒரே இடத்துல ஓடவிட்டாத்தான் இன்ஜின் செட் ஆகும்."

கமாண்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாராம். பிறகு, "எம்பையன் எத்தனாவது படிக்கிறான்னு யாராவது கேட்டா, நான் வீட்டுக்கு போன் பண்ணித்தான் சொல்லணும்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினாராம்.

பதவி, வரிசையில் அடுத்திருந்த 'ஒட்டடைக்கொம்பு'க்குப் போயிற்று. ஆறடி மூன்றங்குலம், சார்ஜண்ட்டிடம் ஸ்பேனர் பிடிக்கக் கற்றவர், மகனுக்கு இரண்டே வயது. அவர் எல்லைக்குக் கிளம்பிய அன்று எங்கள் ஊர் முகாம் வாசலில் லாரி நின்றிருந்தது. முகாம் வாசலுக்கு எதிர்வீட்டுக்காரனான நான் சன்னலிலிருந்து பார்த்தேன். தோளில் புதுப் பட்டை ஏறியவர் சார்ஜண்ட்டைக் கண்டதும், தவறு செய்து பிடிபட்டவர்போலக் குறுகி நின்றார்.

"அண்ணே, நமக்குள்ள சல்யூட்டெல்லாம் வேணாம்ணே. இது உங்களுக்கு வந்தது."

சார்ஜண்ட் கையிலிருந்த கிரீஸைக் கால்சட்டையில் துடைத்தார். குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்று கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். ஒட்டடைக்கொம்பு தரையைப் பார்த்தார். லாரி ஓட்டுநர் ஹாரன் அடித்தார், இன்னொரு முறையும் அடித்தார். பதில் சல்யூட் வரும்வரை சார்ஜண்ட் கையை இறக்கவில்லை.