ஈர மூட்டைக்கு இடமில்லை

எனக்குச் சுத்தப் பைத்தியம் உண்டு. வீட்டுக்கு வந்தவர் எழுந்து போவதற்குள் அவர் காபி குடித்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து பதினோரு வருடமாகியும் இந்த ஊர் மழைக்காலச் சேற்றோடு நான் சமாதானம் ஆகவில்லை. இந்தக் குணத்தை அலுவலகத்துக்கும் எடுத்துக்கொண்டு போனதில்தான் வினை வந்தது.

ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் அரசு அலுவலகத்தின் பொறுப்பில் ஒரு சின்னத் தீவு இருக்கிறது, ஹூக்ளி கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று அப்பால். எங்கள் ஊழியர்கள் சிலரும் கொஞ்சம் மீனவக் குடும்பங்களும்தான் அங்கே. வாரம் ஒருமுறை இங்கிருந்து லாஞ்ச் என்கிற மோட்டார் படகு அரிசி, காய்கறி, காஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு போகும். திரும்பும்போது தீவின் குப்பையை மூட்டை மூட்டையாகக் கொண்டுவரும். அங்கே இரண்டடி தோண்டினாலே உப்புத் தண்ணீர் வந்துவிடும், எதையும் புதைக்க முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன் படகுத்துறைக்கு நான் பொறுப்பேற்ற புதிதில், அந்த மூட்டைகள் ஒழுகி, ஜெட்டி என்று நாங்கள் சொல்லும் இறங்குமேடையெல்லாம் மீன் கழிவுத் தண்ணீர் வழவழத்துக் கிடந்தது. என் புடவையில் அது பட்ட அன்றே ஒரு சுற்றறிக்கை எழுதினேன். குப்பை உலர்ந்திருக்க வேண்டும், மூட்டையின் வாய் கட்டியிருக்க வேண்டும், எங்கள் அலுவலகச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். ஈர மூட்டையை ஜெட்டியில் இறக்க அனுமதி இல்லை. மேலதிகாரி ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். ஒரே மாதத்தில் ஜெட்டி பளிச்சென்று ஆகிவிட்டது. லாஞ்ச் நிறைய வந்த மூட்டைகள் நாலைந்தாகக் குறைந்தன. தீவுக்காரர்களுக்கு என்னால் ஒழுங்கு வந்துவிட்டது என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். மிச்ச மூட்டைகள் எங்கே போயின என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கோப்புகளோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு வரும் வியாதி அது.

இந்த வருடம் பூஜை விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று தீவு மீனவர்கள் ஒரு புகாரும் சில படங்களும் அனுப்பியிருந்தார்கள். கரையில் இழுத்துப் போட்ட வலை. அதற்குள் மீனுக்குப் பதில் அழுகிய மூட்டைகள். மூட்டைகளின் மேல் எங்கள் அலுவலகச் சீட்டு, எழுத்து அழியாமல். தண்ணீரில் கரையாத சீட்டாகப் பார்த்து வாங்கச் சொன்னதும் நான்தான்.

"லாஞ்ச் சாரங்கின் வேலை இது. இன்றைக்கே சஸ்பென்ஷனுக்கு நோட் எழுதுங்கள்," என்றார் மேலதிகாரி. சாரங்கு என்றால் லாஞ்சை ஓட்டிப் போகிறவர். ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது அவருக்கு. இப்போது சஸ்பென்ஷன் என்றால் பென்ஷன் இழுபறியாகிவிடும். ஆனாலும் எனக்கு இரக்கம் வரவில்லை. கடலில் குப்பை கொட்டுகிறவரா, வரட்டும், பிடிபிடியென்று பிடித்துவிடுகிறேன் என்று கூப்பிட்டனுப்பினேன்.

வந்தவர் உட்காரவில்லை. மறுக்கவும் இல்லை.

"நான்தான் போட்டேன், தீதி," என்றார் வங்காளியில். தீதி என்றால் அக்கா. "ஜெட்டில இறக்க விடல. தீவுக்கே திருப்பிக் கொண்டுபோனா, எடுத்துட்டுப் போன குப்பைய எதுக்குக் கொண்டாறேன்னு அவங்களும் விடல. ரெண்டு வாரம் லாஞ்ச்லயே வெச்சிருந்தேன். புழு வெச்சு அரிசி மூட்டை வரைக்கும் ஏறிடுச்சு. அது சாப்பாட்டுச் சாமான் ஏத்துற படகு, தீதி. அங்க மாசக்கணக்கா மழை. குப்பை எப்படிக் காயும்?"

வசை பாடத் தயாராக இருந்தவள்தான் நான். அவரைப் போகச் சொல்லிவிட்டேன்.

நோட் எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போவேன், திரும்பி வருவேன், தண்ணீர் குடிப்பேன். எங்கள் வீடு இருக்கும் சாந்த்ராகாச்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரப் பிடிக்கவில்லை. வீட்டில் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். ரயில்வேக்காரரான என் கணவர் பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்துவிட்டார்.

"ஏன் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திக்கிட்டிருக்கே? அந்த சர்க்குலரைப் பத்தி யாராவது கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்புறம் நீயா எதுக்குப் போய்த் தலையக் குடுக்கறே? ப்ரமோஷன் லிஸ்ட் வர்ற நேரம். அந்த ஆளு கடல்ல போட்டது நிஜந்தானே?"

"நிஜந்தான். போட வெச்சது நான்."

அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தில் பாதி, அவர் சொன்னபடியே செய்துவிட்டால் என்ன என்று எனக்கும் ஆசையாக இருந்ததால் வந்தது.

மூன்றாம் நாள் என் சுற்றறிக்கையைக் கோப்பின் முதல் தாளாக வைத்தேன். கடலில் குப்பை விழுந்ததற்குக் காரணம் இந்த உத்தரவு, இதை ரத்து செய்ய வேண்டும், ஈரக் குப்பைக்கு மூடி போட்ட டிரம் கொடுக்க வேண்டும், எப்படி வந்தாலும் ஜெட்டியில் இறக்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதினேன். மேலதிகாரி அந்த முதல் தாளை மட்டும் உருவி என் பக்கம் நீட்டினார். "இது இதில் வேண்டாமே. உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்." அது இல்லாவிட்டால் மற்றதற்கு அர்த்தமில்லை சார் என்று சொல்லித் திருப்பி வைத்தேன்.

சாரங்கு ஒரு எச்சரிக்கையோடு தப்பினார். எனக்கு மெமோ வந்தது. ப்ரமோஷன் லிஸ்டில் என் பெயர் இல்லை. வீட்டில் ஒரு வாரம் அதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். டிரம்கள் வாங்கினோம்.

முதல் முறையாகத் தீவின் குப்பை மொத்தமும் வந்து இறங்கிய அன்று நானும் ஜெட்டிக்குப் போனேன். நாற்றம் குடலைப் பிடுங்கியது. டிரம்களை உருட்டி முடித்துச் சாரங்கு கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். மெமோ வாங்கின வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது, கேட்டுவிட்டேன்.

"இந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவை எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?"

"வந்தேனே, தீதி," என்றார். குரலில் குறை எதுவும் இல்லை. "அந்த வருஷம் முதல் மழைக்கே வந்தேன். தொப்பலா நனைஞ்சிருந்தேன். தரை நாசமாயிடும், காஞ்சப்புறம் உள்ள வாங்கன்னு கதவுகிட்டயே நிறுத்திட்டீங்க."

எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"லாஞ்ச் கிளம்புற நேரமாயிடுச்சு. போயிட்டேன்."