வாசித்துக் காட்டாத வரி

சமூகவியல் விரிவுரையாளர் கமலவேணி அக்கா காலமான செய்தி எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. துறைத் தலைவர் முதல் ஆளாக மூன்று அழுமுகப் பொம்மைகளைப் போட்டிருந்தார். "ஆய்வுக்கு லாயக்கில்லாதவர்" என்று அக்காவின் பதவி உயர்வைத் தடுத்தவரும் இவர்தான். வெட்கம் எங்கள் துறையில் விருப்பப் பாடம், யாரும் எடுப்பதில்லை.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாணவர்களைப் பினாங்கில் ஏழைத் தொழிலாளர்கள் வாழும் சுங்கை பினாங் அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்புவார். அங்கிருப்பவர்களைப் பற்றி எழுதியதை அதே வீட்டில் உட்கார்ந்து, அந்த வீட்டார் பேசும் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே மதிப்பெண் போடுவார். "அவங்க மூஞ்சியப் பாத்து வாசிக்க முடியாத வரிய எழுதாதீங்க" என்பார். "பொறுப்பற்ற தாய்" என்று எழுதிக்கொண்டு போன மாணவி ஒருத்தி, அந்த வீட்டு வாசலிலேயே வரியை அடித்துவிட்டுத்தான் உள்ளே போனாள். நாங்கள் ஆசிரியர் அறையில் மைலோ குடித்தபடி இதைச் சொல்லிச் சிரிப்போம். பாவமன்னிப்பு வகுப்பு என்று பெயர் வைத்ததே நான்தான்.

பிறகு நானும் அந்த வீடுகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். மாக் மண்டின் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் பார்வதி அக்காவின் வீட்டில் நான்கு நாள் தேநீர் குடித்துவிட்டு, "இங்கே தாய்மை ஓய்வுநேர வேலை" என்று எழுதினேன். அழகான வரி என்று எல்லாரும் பாராட்டினார்கள். கமலவேணி அக்கா மட்டும் கேட்டார்:

"தம்பி, பார்வதிகிட்ட வாசிச்சுக் காட்டிட்டீங்களா?"

"அது இங்கிலீஷ்ல இருக்குலா, அக்கா."

"தமிழ்ல சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். ஆனாலும் வாசிக்கவில்லை. நான் பேராசிரியர் ஆனேன். அவர் விரிவுரையாளராகவே ஓய்வு பெற்றார்.

இறுதிச் சடங்கில் துறைத் தலைவர் ஆங்கிலத்தில் அஞ்சலி வாசித்தார். பக்கத்தில் நின்ற பார்வதி அக்கா, "என்னா சொல்றாரு, சார்?" என்றார்.

"டீச்சர் காட்டின வழியில நாங்க நடப்போம்னு சொல்றாரு."

"இவ்வளவு நாளு நடந்தீங்களா?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

அதனால் இதுவரை நான் எழுதிய இந்த அஞ்சலியை அச்சுக்கு அனுப்பும் முன் பார்வதி அக்கா வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். தாய்மை பற்றிய அந்த வரியையும் தமிழில் சொன்னேன். வேலைச் சீருடையில் பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தவர், நின்றபடியே முழுவதையும் கேட்டார்.

"இத எழுதினதுக்கா சார், உங்களப் பேராசிரியர் ஆக்கினாங்க?"

ஆமாம் என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

கமலவேணி அக்கா, வாசித்துக் காட்டிவிட்டேன். போய் வாருங்கள்.