ஒருவரும் சாகாத நாளில் அடித்த சாவு மணி

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வளவில் நின்று உங்களோடு கதைக்கிற மாதிரித்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நண்டுக் கம்பனியில் நண்டு உடைக்கிற வேலைக்குப் போனவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆண்டவர் எங்கள் வீட்டுக்குச் செய்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

போன மாரியில் என் அண்ணை ஜெறோம் டெங்குக் காய்ச்சலில் செத்துப்போனார். காய்ச்சல் என்று படுத்தவர்தான். ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோவில் ஏறும்போதுகூட, "என்ரை மீன்பொரியலிலை கை வையாதையடி, வந்து எண்ணிப் பாப்பன்" என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். திரும்பி வரவில்லை. இருபத்தாறு வயது. கடலுக்குப் போவார், கோயில் மணி அடிப்பார், பெருநாள் வந்தால் கொடிமரம் கட்டுவார். எங்கள் கரையில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை.

நான் அழுதேன். அப்பா வள்ளத்துக்குள் போயிருந்து அழுதார். அம்மா அழவில்லை. எங்களுக்குப் பயம் வந்தது அதிலிருந்துதான்.

அம்மாவைப் பற்றி நான் சொல்ல வேண்டும். எங்கள் கோயில் பங்கில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் செபமாலை சொல்ல அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்பதும் சரியில்லை. கோயிலில் சாவு மணி கேட்டால் அம்மா தானாகவே போய்விடுவார். அடுப்பில் கறி கொதித்தாலும் என்னிடம் அகப்பையைத் தந்துவிட்டுச் செபமாலையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார். "செத்த வீட்டிலை முதல் அழுகைக்குப் பிறகு ஒரு வெறுமை வருமடி. அந்த நேரம் ஆராவது செபத்தைத் துவங்க வேணும்" என்று சொல்லுவார். அண்ணையைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தபோது அந்தச் செபத்தைத் துவங்க ஆள் இல்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பக்கத்து வீட்டுப் பிலோமினா மாமிதான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார்.

அதற்குப் பிறகு அம்மா அண்ணையின் அறைக்குள் போய்ப் படுத்தவர்தான். முந்தியெல்லாம் அம்மாவுக்குக் கிழமை என்றால் கோயில்தான். செவ்வாய் என்றால் அந்தோனியார் நவநாள். வியாழன் எங்கள் பகுதி வீடுகள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டம். வெள்ளி என்றால் சிலுவைப்பாதை. சனி பின்னேரம் கோயில் கூட்டிக் கழுவுவது. ஞாயிறு பூசை என்றால் முதல் வாங்கு இருக்கையில் வலது பக்கக் கரை. அந்த இடத்தில் வேறு ஒருவரும் இருக்க மாட்டார்கள். இப்போது எங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன நாள் என்றுகூடத் தெரியாமல் போனது. தவக்காலம் வந்தது. ஒவ்வொரு வருசமும் வியாகுலப் பாட்டு எடுத்துக் கொடுக்கிற அம்மா அதற்கும் எழும்பவில்லை. பெரிய வெள்ளியும் போனது. உயிர்ப்புப் பூசைக்கு ஊரே மெழுகுதிரியோடு நிற்க நாங்கள் வீட்டுக்குள் இருந்தோம்.

பாதர் வந்து பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்பியத்துப் பெண்கள் பலகாரம் கொண்டு வந்தார்கள். அதை எறும்புதான் தின்றது. நான் தீத்திவிட்டால் இரண்டு வாய் வாங்குவார். பிறகு வாயை மூடிக்கொள்வார். எலும்பு தெரிய மெலிந்துபோனார். அண்ணையின் பெயரை மட்டும் சொல்லவே மாட்டார். நாங்கள் சொன்னால் காதைப் பொத்துவார்.

ஒருநாள் அப்பா என்னைக் கரையில் வைத்துக் கேட்டார். "கொம்மாவும் போயிடுவாவோ பிள்ளை?"

அன்றைக்கு நான் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். "ஒராளைக் கொண்டு போட்டியள். மற்ற ஆளையும் கேக்கிறியளோ? எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன். அது செபமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு ஒரே ஒரு செபம்தான் என் வாயில் வந்தது. அம்மாவை எழுப்பிவிடுங்கோ ஆண்டவரே. நண்டு உடைக்கும்போதும் அதுதான். பஸ்ஸில் வரும்போதும் அதுதான்.

அண்ணைக்குப் பிறகு பாதரே மணி அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முழங்கால் நோ. ஒருநாள் என்னைக் கண்டு, "ஜெறோமின்ரை கயிறை நீ பிடிக்கிறியோ, பிள்ளை? எனக்கு ஏலாமல் கிடக்கு" என்று கேட்டார். நான் ஓம் என்றேன். உண்மையைச் சொன்னால், அண்ணை பிடித்த கயிற்றைப் பிடிக்கலாம் என்றுதான் ஓம் என்றேன்.

எங்கள் கோயிலில் மாலைச் செப மணி என்றால் மூன்று மூன்றாக அடித்து, கடைசியில் விடாமல் அடிக்க வேண்டும். சாவு மணி வேறு. ஒன்று அடித்து, அந்த ஓசை முழுதாக அடங்கும் வரை விட்டு, பிறகு இன்னொன்று அடிப்பார்கள். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் தெரியும். அண்ணைக்குப் பிறகு ஊரில் ஒருவரும் சாகவில்லை. அதனால் அந்த மணியைக் கனகாலமாக ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை. நாங்கள் கோயில் கூட்டி முடித்து மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆறு மணிக்கு நான் மணிக்கோபுரத்துக்குக் கீழே போய்க் கயிற்றைப் பிடித்தேன். அன்றைக்குக் காலையில் அம்மா தண்ணீரும் வேண்டாம் என்று தள்ளிவிட்டிருந்தார். ஒரு இழுவை இழுத்தேன். கண்ணை மூடி, "அம்மாவை எழுப்பிவிடுங்கோ ஆண்டவரே" என்றேன். அழுகை வந்தது. துடைத்துவிட்டு இன்னொன்று இழுத்தேன். திரும்பவும் அதே செபம். பிறகு ஒன்று. பிறகு செபம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்கு மணியே கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கண்ணைத் திறந்தபோது வளவுக்குள் ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

சாரத்தை மடித்துக் கட்டியபடி ஆம்பிளைகள். கையில் மாவோடு பெண்கள். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர்கள். பிலோமினா மாமி எல்லோருக்கும் முன்னுக்கு.

"ஆரடி? ஆர் செத்தது?"

"ஒருத்தரும் இல்லையே மாமி. ஏன் கேக்கிறியள்?"

"ஏனோ? சாவு மணியை அடிச்சுப்போட்டு ஏனெண்டு கேக்கிறாய்! நான் செத்த வீட்டுக்கெண்டு பெரிய கேத்திலிலை தண்ணி வைச்சிட்டு ஓடி வாறன்!"

அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்று விளங்கியது. அதற்குள் பாதரும் தன் அறைவீட்டிலிருந்து நொண்டி நொண்டி வந்துவிட்டார். "எனக்குச் சொல்லாமல் ஆருக்கு மணி?" என்று அவரும் கேட்டார்.

அந்த நேரம் வளவு வாசல் படலைப் பக்கம் ஒரே கூச்சல். சூசை அப்பு பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். அவருக்கு எண்பது வயதுக்கு மேல். மாதக்கணக்காகப் படுக்கையில் இருந்தவர். மணியைக் கேட்டவர்கள் பாதிப் பேர் அவர் வீட்டுக்குத்தான் முதலில் ஓடியிருக்கிறார்கள். அவர் வீட்டுப் படலையில் நின்று ஒப்பாரியும் துவங்கிவிட்டார்களாம். அப்பு உள்ளே இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்கு மணி அடிச்சது ஆரடா?" என்று கத்தினார். "ஆரோ அறிவிச்சு, என்ரை மோள் பிரான்சிலை இருந்து போன் எடுத்து அழுகிறாள்! நான் கதைச்சாலும் நம்பிறாள் இல்லை!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். அப்போது ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். ஆட்கள் விலகினார்கள். நான் எட்டிப் பார்த்தேன்.

அம்மா வந்துகொண்டிருந்தார்.

வீட்டுச் சட்டைக்கு மேல் ஒரு சீலையைச் சுற்றியிருந்தார். தலைமயிரை முடிந்திருந்தார். காலில் செருப்பு இல்லை. கையில் செபமாலை. மாதக்கணக்காக ஆணியில் தொங்கின செபமாலை. அப்பா பின்னால் வாயைத் திறந்தபடி வந்துகொண்டிருந்தார். நடந்த வேகத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"ஆரின்ரை வீடு?" என்று கேட்டார். "எந்தப் பக்கம் போக வேணும்?"

நான்தான் சொன்னேன்.

"ஒருத்தரும் சாகேல்லை அம்மா. நான் பிழையா அடிச்சுப்போட்டன்."

அம்மா என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு சூசை அப்புவைப் பார்த்தார்.

"அப்பு, நான் நீங்களோ எண்டெல்லே நினைச்சன்."

"நானும் அப்பிடித்தான் பிள்ளை நினைச்சன். என்னை நானே ஒருக்காக் கிள்ளிப் பாத்திட்டுத்தான் வந்தனான்."

அம்மா சிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், என் அம்மா சிரித்தார். வாயைச் சீலையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அப்பா நிலத்தில் குந்திவிட்டார்.

பிலோமினா மாமிக்கு வாய் சும்மா இருக்காது. "கொழுக்கட்டை அவிச்சுக் கொண்டு போனால் முகத்தைத் திருப்புறாள். செத்த வீடெண்ட உடனை ஓடி வாறாள். இவளை என்ன செய்யிறது?"

"சும்மா இரன் நீ" என்று அப்பு அவரை அடக்கினார். பிறகு அம்மாவிடம், "வந்தது வந்திட்டாய் பிள்ளை. செபமாலையும் கையிலை கிடக்கு. சொல்லு. நான் செத்தாப் பிறகு சொன்னால் எனக்குக் கேக்காது. இப்பவே கேட்டிட்டுப் போறன்" என்றார்.

பாதர் கோயில் கதவைத் திறந்தார். எல்லோரும் உள்ளே போனோம். அம்மா தன் இடத்தில், முதல் வாங்கின் வலது கரையில், முழந்தாளிட்டார். குரல் முதலில் வரவில்லை. பிறகு வந்தது. பழக்கத்தில், ஆண்டவரின் பாடுகளை நினைக்கிற துக்கத் தேவரகசியம் என்று துவங்கிவிட்டார். செத்த வீட்டில் அதைத்தானே சொல்லுவார்.

"நில்லு, நில்லு" என்று அப்பு பின்னால் இருந்து கத்தினார். "இண்டைக்குச் சனிக்கிழமை. நான் இன்னும் சாகேல்லை. சந்தோசத் தேவரகசியத்தைச் சொல்லு!"

திரும்பவும் சிரிப்பு. அம்மா மாற்றிச் சொன்னார். ஒன்று, இரண்டு என்று குரல் பலத்துக்கொண்டே போனது. ஐந்தாவது தேவரகசியம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். காணாமற்போன தன் மகனை ஆண்டவரின் தாய் தேடித் தேடி, கடைசியில் கோயிலில் கண்டது. அம்மா அதைச் சொல்லிக்கொண்டு வந்து நடுவில் நின்றுவிட்டார்.

வெளியே காகம் கரைந்தது.

"இதை என்ரை மகன் ஜெறோமுக்காக ஒப்புக்குடுப்பம்" என்றார்.

அண்ணை போன பிறகு முதல் முறையாக அந்தப் பெயரைச் சொன்னார். சொன்னதும் அழுதார். மாதக்கணக்காக வராத அழுகை எல்லாம் வந்தது. வாங்கில் நெற்றியை வைத்து, "என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை" என்று அழுதார். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. பிலோமினா மாமி பக்கத்தில் போயிருந்து முதுகைத் தடவிக்கொண்டு செபமாலையின் மிச்ச மணிகளைச் சொன்னார். ஊர் முழுக்கப் பதில் சொன்னது. நான் எத்தனையோ பெருநாள் பார்த்திருக்கிறேன். எங்கள் கோயில் அன்றைக்கு மாதிரிச் செபித்ததை நான் கேட்டதில்லை.

பிறகு மாமியின் கேத்திலை வளவுக்குக் கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் தேத்தண்ணீர். அம்மா ஒரு கப் குடித்தார். "சீனி காணாது" என்றார். மாமி, "செத்த வீட்டுக்கு ஆர் சீனி அள்ளிப் போடுறது?" என்று சண்டைக்குப் போனார். அன்றிரவு அம்மா சோறு கேட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலை யாரோ என் போர்வையை இழுத்தார்கள்.

"எழும்படி. பூசைக்கு நேரமாகுது. மணி அடிக்கிறவள் படுத்துக் கிடந்தால் ஊர் எப்பிடி வரும்?"

நான் படுத்தபடியே அழுதேன். சந்தோசத்தில் அழுதேன்.

எங்கள் துக்கம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணையின் சேட் இன்னும் அறையில் தொங்குகிறது. மீன் பொரிக்கிற நாளில் நான் துண்டுகளை எண்ணிப் பார்க்கிறேன். சில நாள் அம்மா திரும்பவும் படுத்துவிடுவார். ஆனால் பின்னேரம் எழும்பிவிடுவார். இப்போது நாங்கள் அண்ணையைப் பற்றிக் கதைக்கிறோம். அவர் செய்த குறும்பைச் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறோம். செவ்வாய், வியாழன், வெள்ளி எல்லாம் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டன. சனி பின்னேரங்களில் அம்மா கோயிலில் செபமாலை சொல்கிறார். உயிரோடு இருக்கிறவர்களுக்காகச் சொல்லுகிற செபமாலை அது. யார் வேண்டுமானாலும் வந்து பெயர் சொல்லலாம். கடலுக்குப் போகிறவர்கள், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர்கள், வெளிநாட்டில் விசா இல்லாமல் இருக்கிறவர்கள் என்று எல்லோருடைய பெயரும் வருகிறது.

எனக்குச் செபிக்கத் தெரியாது. வடிவான வார்த்தை தெரியாது. ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதையும் அழுதழுது, செய்கிற வேலையைப் பிழையாகச் செய்துகொண்டு சொன்னேன். ஆண்டவர் என் பிழையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். அவருக்கு நன்றி. அவருடைய தாய்க்கு நன்றி. மணி கேட்டதும் அடுப்பை விட்டு ஓடி வந்த என் ஊருக்கும் நன்றி.

உங்கள் வீட்டிலும் எழும்பாமல் படுத்திருக்கிற ஒருவர் இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். அழுகையோ கோபமோ, உங்களிடம் இருக்கிறதைக் கொண்டு கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். சனிக்கிழமை எங்கள் பக்கம் வந்தால் கோயிலுக்குள் வாருங்கள். முதல் வாங்கில் வலது கரையில் இருக்கிறவர்தான் என் அம்மா. அவரிடம் பெயரைச் சொல்லுங்கள்.