அகல டயரில் போன மாமன் சீர்

எங்கள் கார் அந்தக் காலத்துச் சின்னக் கார். கியர்க் கம்பி ஸ்டீரிங்குக்குக் கீழேயே இருக்கும். முன்சீட் பெஞ்சு மாதிரி ஒரே பலகை. அய்யா அதை ராமநாதபுரத்தில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாரிடம் வாங்கியிருந்தார். விதைநெல் வாங்கவும் கல்யாண வீடுகளுக்குப் போகவும் அதுதான். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போடும் நேரம் போக மீதி நேரமெல்லாம் அதன் பானெட்டுக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குப் பிடிக்காதது சக்கரம்தான். ஒல்லியாக, உடம்புக்குள் ஒடுங்கிப்போய் இருக்கும். நல்ல ஆகிருதியான ஆள் சின்னப் பிள்ளைச் செருப்பைப் போட்டு நடக்கிற மாதிரி.

அக்கா மகனுக்குக் காதுகுத்து என்று நாள் குறித்ததும் எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. கூடப் பிறந்த தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அவன் பிறந்த அன்றே அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து சொன்னது அது. "ஒம்மடிதான்டா, இப்பவே சொல்லிட்டேன். அன்னைக்கு வெளியூரு, வேலைன்னு எதுவும் சொல்லக்கூடாது." கோயில், மச்சான் வீட்டுக் குலதெய்வம், திருப்பாலைக்குடி தாண்டி உள்ளே. நான் சீர்த்தட்டோடு வந்து இறங்குவதை அவர்கள் பங்காளிகள் மொத்தமும் வாசலில் நின்று பார்ப்பார்கள். ஒல்லி டயரில் போய் இறங்க மனம் வரவில்லை.

மதுரையில் பழைய அலாய் சக்கரம் ஒரு செட் பிடித்தேன். அதற்கேற்ற அகல டயர். மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது கார் தரையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. ஓட்டிப் பார்த்தால், ஸ்டீரிங்கை முழுசாக ஒடிக்கும்போது முன் டயர் மட்காடின் உள்விளிம்பில் உரசியது. அதற்கும் வழி வீடியோவில் இருந்தது. வெள்ளைக்காரன் ஒருவன் பந்தடிக்கிற கட்டையை டயருக்கும் மட்காடுக்கும் நடுவில் செருகி, காரை முன்னும் பின்னும் உருட்டி விளிம்பை மேலே மடக்கினான். எங்கள் வீட்டில் கட்டை இல்லை, உலக்கை இருந்தது.

"ஏலே, அது மாவு இடிக்கிற உலக்கைடா" என்றாள் அம்மா.

"கழுவித் தந்துர்றேன்மா."

"கழுவினா டயரு வாடை போயிருமாக்கும்."

அய்யா ஸ்டீரிங்கில் உட்கார்ந்து மெல்ல உருட்டிக் கொடுத்தார். முன் விளிம்பு இரண்டும் அழகாக மடங்கின. பின்பக்கம் நான் கை வைக்கவில்லை. பின்சக்கரம் திரும்பாது, பிறகு எதற்கு மடக்க வேண்டும்? பெயிண்ட் வெடித்துவிட்டால் காதுகுத்துக்கு முன் பூச நேரமில்லை. தனியாகத் தேவிபட்டினம் வரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. வளைவுகளில் கார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போனது.

காதுகுத்து அன்று காலையில் அம்மா சீரை அடுக்க ஆரம்பித்தாள். டிக்கியில் அரிசி மூடை, தேங்காய்ச் சாக்கு. வாழைத்தாரை முறிக்காமல் முழுசாக வைக்க இடமில்லை.

"இந்தக் கறுப்புச் சக்கரத்தை எடுத்து வெளியில போடு. சீரு போற இடத்துல இது என்னத்துக்கு?" என்றாள்.

ஸ்டெப்னியை எடுத்துத் தொழுவத்தில் சாத்தினேன். அது பழைய ஒல்லிச் சக்கரம். நாலு காலும் புதுசாக இருக்கும்போது அது எதற்கு என்று எனக்கும் தோன்றியது. பின்சீட்டில் அம்மா, பெரியம்மா, சித்தி. மூவர் மடியிலும் தட்டுகள். அய்யா முன்னால். தங்கத் தோடு இருந்த சிமிழ் அவர் சட்டைப் பையில்.

ராமநாதபுரம் தாண்டி ஒரு வேகத்தடையில் கர்ரென்று ஒரு சத்தம். தட்டு உரசுவதாக நினைத்தேன். அடுத்ததில் மறுபடியும். தேவிபட்டினம் தாண்டியதும் பெரியம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"கருவாட்டு வாடையா?"

"கருவாடு எரியாதுக்கா. என்னமோ எரியுது" என்றாள் சித்தி.

எனக்குத் தெரிந்துவிட்டது. பாரத்தில் பின்பக்கம் அமுங்கி, நான் மடக்காமல் விட்ட விளிம்பு டயரில் உட்கார்ந்திருந்தது. மெதுவாகப் போனால் தாங்கும் என்று உருட்டினேன். சாலை ஒரு சிறு பாலத்தில் ஏறி இறங்கியது. இறங்கிய இடத்தில் டயர் வெடித்தது. பெரியம்மாவின் தட்டிலிருந்து ஆப்பிள்கள் கால் பக்கம் உருண்டன.

இறங்கிப் பார்த்தேன். டயரின் தோளைக் கத்தியால் அரிந்தது போல விளிம்பு சுற்றி அறுத்திருந்தது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு, அதற்கப்பால் வெள்ளை பூத்த களர். நான் ஜாக்கியை எடுத்து முட்டுக் கொடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன். அது காரைத் தூக்காமல் மண்ணுக்குள் இறங்கியது. கல்லைத் தேடிக் கொண்டுவந்து அடியில் வைத்து மறுபடி சுற்றினேன்.

அய்யா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏலே, தூக்கி எதை மாட்டப்போற?"

என் கை சுற்றிக்கொண்டே இருந்தது.

பஸ் ஒன்று வந்தது. கையைக் காட்டினேன், நிற்கவில்லை. பிறகு மீன் ஏற்றிப் போகும் வேன் ஒன்று தானாகவே நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, அங்குட்டுத்தான் போறேன். முன்னாடி ஒரு ஆளு ஏறலாம். சாமானைப் பின்னாடி பெட்டி மேல வச்சுக்க."

நான் அய்யாவிடம் சிமிழுக்குக் கை நீட்டினேன். அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"மீன் வண்டியிலயா சீரு போகும்?"

"சீரு பின்னால வரட்டும்மா. நான் மட்டும் முதல்ல போறேன்."

"வெறுங்கையோட மாமன் போய் நிக்கிறதா? அந்த வீட்டுல சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாக. மாமனும் சீரும் ஒண்ணாத்தான் வாசல் ஏறணும்."

"நேரம் போகுதும்மா."

"மச்சானுக்குப் போனப் போடு. வண்டி அனுப்பச் சொல்லு."

அய்யா இரண்டு பேரையும் பார்த்தார். டிரைவர் கொஞ்சம் பொறுத்துவிட்டு, "நீங்க பேசி முடிங்கத்தா" என்று சொல்லி வண்டியை எடுத்தார். ஐஸ் தண்ணீர் ரோட்டில் ஒழுகிக்கொண்டே போனது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடிப் போய் ஏறியிருக்கலாம். அம்மா சொல்வதிலும் பொய் இல்லையே என்று கால் வரவில்லை.

மச்சான் ஒரு குட்டி யானை லோடு வண்டியை அனுப்புவதாகச் சொன்னார். அது வருவதற்குள் அக்கா கூப்பிட்டாள்.

"எங்கனடா இருக்க?"

"வந்துருவேன்க்கா. பாலத்துக்கிட்டதான்."

"ராகு காலம் வரப்போகுதாம். எங்க மாமனாரு குதிக்காரு. சித்தி மகன் இங்கன தானே இருக்கான், அவனும் மாமன் முறைதானேங்காக."

சித்தி மகன் முதல் நாளே பைக்கில் போயிருந்தான். எனக்கு அண்ணன் முறை. நல்லவன்தான்.

"தோடு நம்மகிட்டல்ல இருக்கு?" என்றேன்.

"ஆசாரி கம்பி வச்சிருக்காராம். இப்போதைக்கு அதைப் போட்டு விட்டுர்லாம்ங்காரு."

"அக்கா, கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

"நாஞ்சொன்னா கேக்குறாகளா" என்றாள். அவள் போனை வைக்கவில்லை. மேளம் கேட்டது. யாரோ, "தலையப் பிடி, தலையப் பிடி" என்றார்கள். பிறகு அவன் அழுகை கேட்டது. முதலில் ஒரு இழுப்பு, மூச்சே இல்லாத ஒரு இடைவெளி, அதற்குப் பிறகு அழுகை. சற்று நேரத்தில் மறுபடியும் அதே மாதிரி. இரண்டு காதும் முடிந்தது. கருவேல மரத்தடியில் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். கை முழுக்கக் கிரீஸ். காரில் சித்தி மடியில் இருந்த தட்டைச் சரி செய்தபடி என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள்.

குட்டி யானையில் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போய்ச் சேர்ந்தோம். கார் பாலத்துக்கிட்டேயே தனியாகச் சாய்ந்து கிடந்தது. வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். யாரும் குத்தலாகப் பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. சித்தி மகன் எழுந்து வந்து, "வாடா, நீ உக்காரு" என்று என் தோளைத் தொட்டான். பிள்ளை அக்கா தோளில் விசும்பி விசும்பித் தூங்கிக்கொண்டிருந்தான். சிவந்த காதில் மெல்லிய கம்பி.

போட்டோக்காரர்தான் சொன்னார். "தாய்மாமன் வந்தாச்சுல்ல. உக்காருங்க, ஒரு படம் எடுத்துருவோம். ஆசாரி, ஊசியச் சும்மா காதுக்கிட்ட கொண்டு வாங்க. குத்துற மாதிரி."

"வேணாம்ங்க, தூங்குறான்" என்றேன்.

"ஆல்பத்துல மாமன் இல்லாட்டி எப்பிடி" என்றார் மச்சானின் அப்பா. அக்கா அவனை என் மடியில் வைத்தாள். கண் விழித்தவன் முதலில் பார்த்தது ஆசாரியை. அப்படி ஒரு அலறல். உடம்பு வில்லாக வளைந்தது. என் நெஞ்சில் உதைத்து இறங்கப் பார்த்தான்.

"மாமா, விடாமப் பிடிங்க. இங்க பாருங்க" என்றார் போட்டோக்காரர். நான் பிடித்தேன்.

ஆல்பத்தில் அந்தப் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள், "மாமன் மடியிலயும் என்னா அழுகை அழுதுருக்கான்" என்று சிரிப்பார்கள். அக்கா, "ஆமா" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவாள்.